பழைய தியேட்டர் கேபின் சாமான்களும் கல்நார்த் தூசியும்: எங்கள் வீட்டில் நடந்தது

வேலூர், குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கமெல்லாம் பழைய சினிமா தியேட்டர்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. ஒன்று கல்யாண மண்டபம் ஆகிறது, ஒன்று ஜவுளிக்கடை ஆகிறது. அந்தத் தியேட்டர்களின் கேபினில், அதாவது படம் ஓட்டுகிற அறையில், வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள், பழைய சாமான் எடுக்கிறவர்கள், இவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தீப்பிடித்தால் காப்பாற்றும் என்று அந்தக் கேபினில் வைத்திருந்த கையுறை, போர்வை, சுவரில் அடித்த அட்டை, ஒயர் மேல் சுற்றிய உறை, இவற்றில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லாருக்கும் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். துணியாகவும் கயிறாகவும் அட்டையாகவும் அதைச் செய்திருக்கிறார்கள் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் பணமும் தூக்கமும் இப்படிப் போயிருக்காது.

அப்பா 1970ல் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்த தியேட்டரில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தார். பிறகு லைசென்ஸ் வாங்கி ஆபரேட்டர் ஆனார். இன்றைக்கு இருப்பவர்களுக்கு அந்த வேலை எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இந்தச் சாமான்கள் எதற்கு என்று புரியும். அப்போது புரொஜெக்டரில் பல்பு கிடையாது. செம்பு பூசின இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிராக வைத்து நடுவில் கரண்ட் தாவும்போது வரும் வெளிச்சம்தான் திரையில் விழும். வெல்டிங்கில் வருகிற அதே ஆர்க்தான். அந்த முனையில் சூடு 3500 டிகிரிக்கு மேல். குச்சி எரிய எரிய இடைவெளியைச் சரி பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், ரீல் மாற்றும்போது தேய்ந்த துண்டை எடுத்துவிட்டுப் புதுசு போட வேண்டும். அதற்குத்தான் முழங்கை வரைக்கும் வரும் தடித்த கையுறை. விளக்கு எரிகிற பெட்டிக்குள் போகும் ஒயர்களுக்குச் சாதாரண ரப்பர் உறை தாங்காது. அதனால் வெள்ளையாகப் பின்னின நூல் உறை போட்டிருப்பார்கள். பெட்டியின் உள்பக்கம், கேபின் சுவர், படம் போகிற ஓட்டைகளை மூடும் இரும்பு ஷட்டரின் பின்பக்கம், எல்லா இடத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை. மூலையில் மணல் வாளிகள், பக்கத்து ஆணியில் மடித்துத் தொங்கும் போர்வை. அப்பா அந்த அறையில் ஒரு நாளைக்கு நான்கு காட்சி ஓட்டியிருக்கிறார். ஜன்னல் கிடையாது, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும்.

இவ்வளவு ஏற்பாடு ஏன் என்றால், சினிமா தொடங்கின காலத்தில் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளேயும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அந்தச் சுருள் நின்று பாதுகாப்பான சுருள் வந்துவிட்டது. ஆனால் கேபின் கட்டுகிற முறை மாறவில்லை. நாடக மேடைகளில் கதை இன்னும் பழசு. 1903 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் இரோக்வாய் தியேட்டரில் தீப்பிடித்து 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்த கட்டடம். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இறக்க வேண்டிய கல்நார்த் திரை பாதியிலேயே மாட்டிக்கொண்டது. அப்புறம் சோதித்துப் பார்த்தால் அதில் மரக்கூழ் கலந்திருந்தது. அதற்குப் பிறகு அங்கே சட்டம் இறுகியது. தியேட்டர்காரர்கள் திரையின் மேலேயே பெரிய எழுத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதித் தொங்கவிட்டார்கள், ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக உட்கார வேண்டும் என்று. தீயை அது தடுத்தது உண்மை. அதை மேலே கீழே இழுத்தவர்களும், கையுறையைத் தட்டித் தட்டிப் போட்டவர்களும் என்ன சுவாசித்தார்கள் என்பதை நினைக்க ரொம்ப வருஷம் ஆனது.

டிஜிட்டல் வந்ததும் அப்பாவின் தியேட்டர் சில வருஷம் தள்ளாடிவிட்டு மூடிவிட்டது. பூட்டியே கிடந்த கட்டடத்தை மண்டபம் கட்ட ஒருவர் வாங்கினார். அப்பாவுக்குச் சம்பள பாக்கியும் போனஸுமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் வர வேண்டியிருந்தது. பழைய முதலாளி வீட்டில் நாற்பதாயிரம் கொடுத்துவிட்டு, "மிச்சத்துக்குக் கேபின்ல இருக்கறத எடுத்துக்கங்க, பித்தளையும் செம்புமே நல்ல விலைக்குப் போகும்" என்றார்கள். அப்பாவுக்குப் பணத்தைவிட அந்த மெஷின் மேல்தான் ஆசை. முப்பது வருஷத்துக்கு மேல் தொட்டுத் துடைத்த மெஷின். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நான், அப்பா, அம்மா, என் பையன். ஒரு டாடா ஏஸ் பிடித்து எல்லாவற்றையும் குடியாத்தத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு ஏற்றினோம். பெட்டி, ஒயர் சுருள், ஷட்டர், கையுறை, போர்வை, கழற்றி வந்த அட்டைகள், ஒன்றையும் விடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காயலான் கடைக்காரர் மாடியிலேயே உட்கார்ந்து ஒயர் உறையைக் கத்தியால் சீவிச் செம்பை எடுத்தார். சீவின நூல் மாடி முழுக்கப் பறந்தது. பெருக்கி அள்ளினோம். அம்மா கையுறையைக் கழுவிக் காயவைத்து, சோற்றுப் பானை இறக்க வைத்துக்கொண்டாள். போர்வையில் பாதியை எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் கேட்டார். கரிப்பெட்டியை வைத்தாலும் கருகாத துணி எங்கே கிடைக்கும்! கிழித்துக் கொடுத்தோம். மீதிப் பாதி எங்கள் வீட்டு இஸ்திரி மேசையில் விரிப்பானது. ஒரு சாயங்காலம் என் பையன் அந்தக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு ரோபோ என்று சொல்லிக் கை தட்டினான். மேற்கு ஜன்னல் வெயிலில் அவன் முகத்தைச் சுற்றி மாவு தட்டினது போலத் தூசி எழும்பி நின்றது. அது கீழே இறங்கவே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது வெறும் பழைய துணித் தூசி. பின்னாளில் எத்தனையோ ராத்திரி அந்த வெயிலும் அந்தத் தூசியும்தான் கண் முன்னால் வந்தன.

அப்பாவைப் பார்க்க வந்த மாமா ஒருவர்தான் கண்டுபிடித்தார். ராணிப்பேட்டை பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாய்லர் குழாய்களுக்கு லேகிங், அதாவது சூடு வெளியே போகாமல் தடுக்கிற உறை, சுற்றுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி கொடுக்கப் போனேன், அவர் கண் இஸ்திரி மேசை மேலேயே இருந்தது. "இன்னாம்மா இது? யாரு கொண்டாந்தது?" என்றார். சொன்னேன். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார், தொடவில்லை. "இது ஆஸ்பெஸ்டாஸ் துணிமா. பாய்லர்ல நாங்க இதான் சுத்துவோம். என்கூட சுத்தினவங்க ரெண்டு பேரு மூச்சு வாங்கி வாங்கியே போய்ட்டாங்க. ஃபேனை நிறுத்து மொதல்ல." ஃபேனை நிறுத்தினேன். பையனைக் கூட்டிக்கொண்டு கீழே போகச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "இதைத்தான் நான் தலைக்கு வெச்சிப் படுத்திருக்கேன், ரெண்டாவது ஆட்டம் முடிஞ்சி" என்றார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து அலைச்சல். குப்பை வண்டிக்காரர்களிடம் கேட்டால் "மூட்டை கட்டிப் போடுங்கம்மா" என்றார்கள். அதை எந்தக் கிடங்கில் கொட்டுவார்கள், யார் அதைக் கிளறுவார்கள் என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை. ஓர் அலுவலகத்தில் "வீட்டுக்குள்ள இருக்கறதுக்கு எங்க கிட்ட ரூல் இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில், கூரை ஷீட் இந்தியாவில் இன்றைக்கும் விற்கிறதே, இதற்குப் போய் இவ்வளவு பயமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் தெரியாது, இப்போது தெரியும். கூரை ஷீட்டில் கல்நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது. உடைக்காமல், அறுக்காமல், துளை போடாமல் இருக்கும் வரை நார் அதிகம் வெளியே வராது. துணியிலும் கயிற்றிலும் அட்டையிலும் அதைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மடித்தாலே, தட்டினாலே உதிரும். தியேட்டர் சாமான்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ராணிப்பேட்டையில் கொட்டிக் கிடக்கிற குரோமியக் கழிவைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டிவிடுகிறது. இது கண்ணுக்குத் தெரியாது, வாசனை இல்லை, தும்மல்கூட வராது.

முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. பார்த்த மாத்திரத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பின்னால் வந்த தீப்போர்வைகள் கண்ணாடி இழையில் செய்தவை, அவையும் வெள்ளையாகத்தான் இருக்கும். மாமா சொன்னபடி துணியில் ஒரு மூலையையும் அட்டையில் ஒரு சில்லையும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி வெட்டி, தனித்தனியாக இரட்டைப் பையில் போட்டு ஒட்டி, சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். மாதிரிகளுக்கும் கூரியருக்குமாகப் பன்னிரண்டாயிரம் ஆனது. கையுறையிலும் போர்வையிலும் வெள்ளைக் கல்நார், அட்டையில் பழுப்புக் கல்நார் என்று வந்தது. முதலில் மனசு தேடியது ஒரு ஆறுதலைத்தான், வெள்ளை பரவாயில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றுதான் வைத்திருக்கிறது. நிறத்தை வைத்து நிம்மதி அடைய முடியாது. சந்தேகம் இருந்து, சோதிக்கக் காசு இல்லையென்றால், கல்நார்தான் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சில வருஷமாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல். சளி பரிசோதனை, காசநோய் பரிசோதனை, பீடி இருமல் என்று மருந்து, இன்ஹேலர், இப்படியே நிறையச் செலவழித்திருந்தோம். எங்கேயும் "என்ன வேலை பார்த்தீங்க பெரியவரே" என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த முறை வேலூரில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போய் உட்கார்ந்ததும் நானே ஆய்வக அறிக்கையை நீட்டினேன். எக்ஸ்ரே, மூச்சு ஊதுகிற சோதனை, பிறகு சி.டி. ஸ்கேன். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள், கீழ்ப்பகுதியில் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது. தடிப்பு என்பது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை, இவர் கல்நாரைச் சுவாசித்தவர் என்பதற்கான அடையாளம் என்று மருத்துவர் விளக்கினார். தழும்புதான் ஆஸ்பெஸ்டோசிஸ். விழுந்த தழும்பை எடுக்க மருந்து கிடையாது. மேலும் ஏறுகிறதா என்று கவனித்து வரலாம், பீடியை இன்றோடு விட வேண்டும், சளிக்காய்ச்சல் ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பீடி விஷயத்தை அவர் அழுத்திச் சொன்னார். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு ஒன்றோடு ஒன்று கூடுவதில்லை, பெருகுகிறது. அப்பா அன்றைக்கே சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

பையனைப் பற்றிக் கேட்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. கல்நார் நோய்கள் உடனே வருபவை இல்லை. மெசோதீலியோமா என்கிற உறைப் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். அவனுக்கு இப்போது எட்டு வயசு. நாற்பது வருஷத்தை நான் எப்படிக் கணக்குப் போடுவது? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: எவ்வளவு தூசி, எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்துத்தான் ஆபத்து. வருஷக்கணக்கில் சுவாசித்த உன் அப்பாவும் சில வாரம் வீட்டில் இருந்த பையனும் ஒன்றில்லை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கோடு போட்டுச் சொல்ல முடியாது, ஆனால் அவனுக்கு வருகிற வாய்ப்பு மிகக் குறைவு. இப்போது அவனுக்கு எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்தால் எதுவும் தெரியாது, வீணாகக் கதிர்வீச்சுதான் ஏறும். எந்த வருஷம், என்ன பொருள், எத்தனை நாள் என்று எழுதி அவன் மருத்துவக் காகிதங்களோடு வைத்துக்கொள், பெரியவனானதும் புகை பிடிக்காமல் பார்த்துக்கொள் என்றார். ஒரு தனியார் லேபில் "குடும்பத்துக்கே ஃபுல் பேக்கேஜ்" என்று இருபத்தைந்தாயிரம் கேட்டிருந்தார்கள். நாலு பேருக்கும் எடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். பயத்தில் இருப்பவர்களிடம் எதையும் விற்கலாம். முதலில் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள், என்ன சோதனை என்பதை அவர் சொல்லட்டும்.

வீட்டிலிருந்து அப்புறப்படுத்தின விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் ஜனங்கள் மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள். விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. தட்டி உதறக் கூடாது. வீட்டு வேக்குவம் கிளீனர் நாரைப் பிடிக்காமல் பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடும். முகத்தில் துண்டு கட்டுவதும் நீலக்கலர் மாஸ்க்கும் உதவாது, கொரோனாவுக்குப் போட்ட என்95-உம் இந்த வேலைக்குப் போதாது. பி100 ஃபில்டர் பொருத்தின ரப்பர் மாஸ்க் வேண்டும், அதுவும் தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. மாமா வழிகாட்ட, மருந்தடிக்கிற கை ஸ்பிரேயரில் தண்ணீரும் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, துணிகளைச் சொட்டச் சொட்ட நனைத்தேன். வெறும் தண்ணீர் மேலேயே உருண்டு ஓடிவிடும், சோப்பு இருந்தால்தான் உள்ளே இறங்கும். கான்கிரீட் போடும்போது கீழே விரிக்கிற கனமான பாலித்தீனில் சுற்றி, வாயை முறுக்கி டேப் அடித்து, அதை இன்னொரு பாலித்தீனுக்குள் போட்டு மறுபடியும் டேப். மேலே என்ன இருக்கிறது என்று பெரிதாகத் தமிழில் எழுதினேன், ஆங்கிலம் தெரியாதவர்கள்தான் இதைத் தூக்கப் போகிறார்கள். தரை, ஜன்னல் கட்டை, பீரோ மேல்புறம் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, துடைத்த துணியும் அதே மூட்டைக்குள். அன்று போட்டிருந்த உடுப்பையும் துவைக்கவில்லை, மூட்டைக்குள் போட்டேன். கல்நார் வேலைக்குப் போனவர்களின் துணியைத் துவைத்தே நோய் வாங்கின மனைவிமார்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அம்மா அப்பாவின் சட்டையை எத்தனை வருஷம் கல்லில் அடித்துத் துவைத்தாள் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம், இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

அட்டைகளை நான் தொடவில்லை. அவை பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தன, பழகின ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. தியேட்டர் இடத்தை வாங்கினவரிடம் போய் அறிக்கையைக் காட்டினேன். அவர் கேபின் சுவரிலும் இன்னும் அட்டை மிச்சம் இருந்தது. முதலில் எரிச்சல்பட்டார், பிறகு "எங்க ஆளுங்களும்தானே மூச்சு விடறாங்க" என்று அவரே இறங்கி வந்தார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, அபாயக் கழிவு ஏற்ற அனுமதி உள்ள வண்டி மூலமாக அவர் சாமானும் எங்கள் சாமானும் சேர்ந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதற்கென்று இருக்கும் புதைகுழிக்குப் போயின. எங்கள் பங்கு முப்பத்தெட்டாயிரம். தனி வீடாகக் கேட்டிருந்தால் இவ்வளவு சின்ன மூட்டைக்கு வண்டியே வந்திருக்காது. அதனால் இப்படி ஒரு நிலை வந்தால் கட்டடத்துக்காரரோடு சேர்ந்து போங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் எந்த அலுவலகத்திலும் திருப்பி அனுப்புவார்கள், ஆய்வக அறிக்கையை இணைத்து எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினால் பேச்சே வேறு.

இஸ்திரி அண்ணனிடம் துணியைத் திரும்பக் கேட்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "இன்னா பாப்பா, குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கற?" என்றார். உட்கார்ந்து முழுசாகச் சொன்னேன். அவர் தினமும் காலையில் வண்டிப் பலகை மேல் அதை உதறி விரிப்பார், எதிரில் பால் வாங்க வருகிற பிள்ளைகள் நிற்கும். நனைத்துச் சுற்றி எடுத்து வந்தேன், வண்டிப் பலகையை ஈரத்துணியால் துடைத்தோம், புதுக் கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காயலான் கடைக்காரரையும் தேடிப் போய்ச் சொன்னேன். செம்பு விற்று வந்த பதினெட்டாயிரத்துக்கு எதிரே, ஆய்வகம், ஸ்கேன், வண்டிக் கூலி, தூக்கி எறிந்த மெத்தை துணிமணி எல்லாம் சேர்ந்து தொண்ணூறாயிரத்தைத் தாண்டிவிட்டது.

நஷ்டஈடு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மெசோதீலியோமாவும் தொழில்நோய்களாக எழுதப்பட்டிருந்தன. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது, அதன் மூன்றாம் அட்டவணையிலும் தொழில்நோய்ப் பட்டியல் இருக்கிறது. 1995ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில், ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்ட பின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. ஆலைத் தொழிலாளிக்காவது அப்படி ஒரு காகிதம் இருக்கும். தியேட்டர் கேபினில் இருந்தவருக்கு யார் பதிவேடு வைத்தார்கள்? அப்பாவுக்கு இ.எஸ்.ஐ. பிடித்ததாகவே தெரியவில்லை. எங்களிடம் இருந்தது அவருடைய ஆபரேட்டர் லைசென்ஸ், கேபினில் நின்று எடுத்த ஒரு போட்டோ, பழைய போனஸ் சீட்டு ஒன்று. அவற்றோடு ஆய்வக அறிக்கையும் ஸ்கேனும் வைத்து மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் முடிவு தெரியவில்லை. அதனால் உங்கள் வீட்டில் பழைய ஆபரேட்டர் யாராவது இருந்தால் லைசென்ஸை, சம்பளச் சீட்டை, போட்டோவை இன்றைக்கே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கூட வேலை பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமானை அப்புறப்படுத்துவதற்கு முன்னால் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துவிடுங்கள்.

இடிக்கிற வேலைக்கு ஜவ்வாது மலைப் பக்கமிருந்தும் ஜோலார்பேட்டை பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பழைய தியேட்டர் ஒன்றை வாங்கினவரோ மேஸ்திரியோ இதைப் படித்தால் உங்களிடம் கேட்பது இதுதான்: சுத்தியல் விழுவதற்கு முன்னால் கேபினையும், மேடை இருந்தால் மேடைத் திரையையும், ஜெனரேட்டர் அறையில் சைலன்சர் குழாய் மேல் சுற்றின கயிற்றையும், லைட்டுகளின் பின்னால் வரும் வெள்ளை நூல் ஒயரையும் பாருங்கள். கூரை ஷீட்டை மேலிருந்து தள்ளி உடைக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலி கூடும், அவ்வளவுதான். பள்ளிக்கூட நாடகத்துக்கும் கோயில் திருவிழாக் கூத்துக்கும் பழைய மேடை விளக்கு வாடகைக்கு விடுகிறவர்களும் அந்த ஒயரை மாற்றிவிடுங்கள், அதைச் சீவாதீர்கள்.

கேபினில் வேலை பார்த்தவர்கள் இருமலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ மருத்துவரிடம் போனால், சளி, பீடி, வயசு என்று பேச்சு தொடங்குவதற்கு முன்னாலேயே, "நான் சினிமா ஆபரேட்டர், கார்பன் ஆர்க் மெஷின், கல்நார்க் கையுறை, கல்நார் அட்டை போட்ட கேபின், இத்தனை வருஷம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.